மூன்று பெட்டிகளும் ஒரு விசிலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காது விஷயத்தில் எனக்குத் திமிர் அதிகம். இருபத்திரண்டு வருடமாகச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறேன். ரோட்டில் ஓடும் கிரேன் இல்லை. குடோன் கூரைக்கு அடியில், இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டு அதன்மேல் நகரும் கிரேன். இருபத்தைந்து அடி உயரத்தில் ஒரு கேபின், அதற்குள் நான். கீழே என் தோஸ்து ஆன்றோ. சுமையைப் பிடித்துத் திருப்பிவிடுவதில் அவனுடைய இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும், சைகை காட்ட மூன்றாவது கை கிடையாது. அதனால் வாயில் விசில். ஒரு விசில் என்றால் தூக்கு. இரண்டு என்றால் இறக்கு. நீளமாக அடித்தால் நிறுத்து.

எங்கள் குடோனில் இரும்பு வெட்டும் சத்தமும் பிளேட், அதாவது தடித்த இரும்புத் தகடு, விழும் சத்தமும் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஓயாது. காதுக்கு வைத்துக்கொள்ள மஞ்சள் ரப்பரில் அடைப்பான் கொடுத்தார்கள். வாங்கிக் கேபின் ஆணியில் மாட்டிவிட்டேன். காதை அடைத்துக்கொண்டால் ஆன்றோவின் விசில் எப்படிக் கேட்கும்? அவன் உயிர் என் காதில் இருக்கிறது, நான் அதில் ரப்பரைச் சொருகிக்கொள்வதா? இப்படி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். இத்தனை வருடத்தில் ஒரு விசிலைக்கூடத் தவறவிட்டதில்லை என்றும் சேர்த்துச் சொல்வேன்.

அந்தத் திமிரோடுதான் தண்டையார்பேட்டை வீட்டு மாடியில் ரெக்கார்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் பழைய ஆம்பிளிஃபயர் செத்துப்போய்ப் புதிது வாங்கியபோதுதான் சிக்கல் வந்தது. புதிதில் ரெக்கார்டு பிளேயரை நேராக மாட்ட வழியில்லை. ஊசியிலிருந்து வரும் சத்தம் ரொம்பச் சின்னது, அதைத் தூக்கிவிட நடுவில் ஒரு பெட்டி வேண்டும். அதற்குப் பெயர் ப்ரீஆம்ப். அதுவும் ஒரு கிரேன்தான் என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் தூக்கும்போது பாட்டை மட்டும் தூக்காது. தன்னிடம் உள்ள குப்பையையும் சேர்த்துத் தூக்கும். எந்தப் பெட்டியில் குப்பை குறைவு என்று காதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூர் மார்க்கெட்டில் பழைய ரெக்கார்டு விற்கும் சுப்புராயன் எனக்கு மூன்று பெட்டிகளைக் கொடுத்தார். "ஒரு வாரம் வச்சிக் கேளு பாய். எது புடிக்குதோ அத்த வச்சிக்கோ, மத்தத இட்டாந்து குடுத்துடு. உன் காதுக்குத் தெரியாததா?" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன்.

ஒன்று, யாரோ கையால் செய்த அலுமினியப் பெட்டி. கம்பெனிப் பெயர் கிடையாது. இன்னொன்று கறுப்பு, வெளிநாட்டுச் சரக்கு, சோப்புப் பெட்டி அளவு. மூன்றாவது, மேலே இரண்டு கண்ணாடி வால்வுகள் மினுக்கும் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி முடிந்ததும் ஆன்றோ வந்துவிட்டான். என் மனைவி ஜெரினா பாத்திரம் கழுவப் போனாள். நாங்கள் பரீட்சையை ஆரம்பித்தோம்.

ஒரு ஷெனாய் ரெக்கார்டு வைத்தேன். ஊசி இறங்கிய பிறகு, வாசிப்பு தொடங்குவதற்கு முன்னால் நாலைந்து விநாடி வெறுமையாக வரும். அந்த வெறுமைதான் பரீட்சை. அப்போது பெட்டி வாயைத் திறந்தால் அது எனக்கு வேண்டாம்.

கண்ணாடிப் பெட்டியில் ஷெனாய் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தது. கழற்றினேன். கறுப்புப் பெட்டியில் ஊசி இறங்கியதுமே அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்பது போல. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளிநாட்டுப் பொட்டியாம். ஊம்முனு கீது பாரு" என்று அதையும் கழற்றி வைத்தேன். கடைசியில் அலுமினியம். ஊசியை இறக்கினேன். ஒன்றுமே இல்லை. அப்படியொரு நிசப்தம். பிறகு ஷெனாய் பளிச்சென்று வந்து நின்றது, ஊதுபவனின் மூச்சு தவிர எல்லாம் கேட்டது. மூச்சு ஏன் கேட்கவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"இன்னா ஆன்றோ, எப்டி?" என்றேன்.

ஆன்றோ என்னைப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்த ரெக்கார்டைப் பார்த்துக்கொண்டே மோவாயைச் சொறிந்தான். பெரிய கன்னம் அவனுக்கு, குழந்தைக்கு இருப்பது மாதிரி இரண்டு பக்கமும் தொங்கும். "சூப்பரா கீது கலீலு" என்றான், கொஞ்சம் தாமதித்து. "சத்தமே இல்ல. இத்தையே வச்சிக்க."

"அதான் காது!" என்று அவன் தோளில் தட்டினேன். மாலை சர்ச்சில் கூட்டம் இருக்கிறது என்று அவன் சீக்கிரமே கிளம்பினான். நான் அதே பெட்டியில் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ரெக்கார்டு முடிந்து அடுத்ததை எடுக்கும் நேரம்கூடச் சத்தத்தைக் குறைக்கவில்லை. நிசப்தத்தையே உட்கார்ந்து ரசித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு, ஒரு ரெக்கார்டு முடிந்து நின்றிருந்தபோது, என் மகள் ஆஃபியா சிநேகிதி வீட்டிலிருந்து வந்தாள். கல்லூரியில் இது அவளுக்கு இரண்டாம் வருடம். கதவைத் திறந்தவள் ஒரு காலில் மட்டும் செருப்போடு அப்படியே நின்றாள். முகம் மாறிவிட்டது.

"அத்தா, கேஸ் லீக் ஆவுது! யாரும் சுவிட்சத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். சிலிண்டர் வால்வை மூடும் சத்தம் கேட்டது. எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், வாடையே இல்லை.

உள்ளிருந்து ஜெரினாவின் குரல் வந்தது. "அடுப்பு இல்லடி. உங்க அத்தாவோட பொட்டி. மத்தியானத்துலேந்து சீறிக்கினு கீது. எனக்குத் தலையே வலிக்குது. சொன்னா சண்டைக்கு வருவாரேன்னு வாய மூடிக்கினு கீறேன்."

ஆஃபியா திரும்பி வந்து ஸ்பீக்கர் முன்னால் குனிந்தாள். "ஆமா, இதுலேந்துதான் வருது. அத்தா, இவ்ளோ சீறுது, இத்தையா எடுக்கப் போறீங்க?"

"எது சீறுது?" என்றேன்.

ஆஃபியாவும், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த ஜெரினாவும் என்னையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வால்யூமைத் திருகினேன். பாதி வரை, பிறகு முழுக்க. ஆஃபியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். சமையலறையில் ஜெரினா "யா அல்லாஹ், அந்தப் பொட்டிய நிறுத்துங்க!" என்று அலறினாள். நான் ஸ்பீக்கர் துணிமேல் காதை வைத்தேன். அது லேசாகச் சூடாக இருந்தது. அவ்வளவுதான். அதற்குள் ஒன்றுமே இல்லை. என் மகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், அதே அறையில் நான் நிசப்தத்தில் நிற்கிறேன்.

பயந்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் பயம் வந்தால் எனக்குக் கத்தல்தான் முதலில் வரும். "இன்னா ரெண்டு பேரும் சேந்து நாடகம் ஆடுறீங்களா? ஆன்றோவும் இங்கதான் இருந்தான். சத்தமே இல்லன்னு அவனும் சொன்னான். ரெண்டு ஆம்பளைங்களுக்கும் ஒரே நேரத்துல காது செவுடா பூடுமா?" என்று கத்தினேன்.

"போன செவ்வாக்கிழம குக்கர்" என்றாள் ஜெரினா. கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "மூணு விசில் வந்ததும் அணைங்கன்னு சொல்லிட்டுக் கீழ போனேன். பருப்பு கரியாப் பூடுச்சி. பாட்டு கேட்டுகினு இருந்தீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு பாட்டே ஓடலன்னு ஆஃபியா அப்பால சொன்னா."

குக்கர் அன்று விசிலே அடிக்கவில்லை, வெயிட் பழுது என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன். புது வெயிட்டும் வாங்கி வந்து கொடுத்திருந்தேன்.

மாடிப்படிக்குப் போய் ஆன்றோவுக்குப் போன் போட்டேன். பின்னால் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த அலுமினியப் பொட்டி சீறிச்சா?"

பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் குரல் வரவில்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன், போகவில்லை. "இல்ல கலீலு" என்றான் கடைசியில். "சுத்தமா கீது. இன்னா இப்ப? நாளைக்கு ஏழு மணிக்கு வந்து ஆரன் அடிக்கிறேன், ரெடியா இரு."

என் உயிர் திரும்பி வந்தது. உள்ளே போய், "கேளுங்க, அவனே சொல்லிட்டான்" என்றேன். ஆஃபியா கேட்கவில்லை. "நாளைக்கு லீவு போடுங்க அத்தா. காது டாக்டராண்ட போயிடலாம்" என்று நச்சரித்தாள். எப்படிப் போவது? கப்பலில் வந்த பிளேட்டுகள் நாளை டிரெய்லரில் வந்து இறங்கப்போகின்றன. காது சரியில்லை என்று ஒருமுறை வாயைத் திறந்தால் அந்தக் கேபினில் எனக்கு இடமில்லை. அதை விட்டு இறங்கினால் எனக்கு வேறு எந்த வேலை தெரியும்?

"குக்கர் விசில் வேற, ஆன்றோ விசில் வேற" என்றேன். "இருவத்திரெண்டு வருசத்துல அத்த நான் உட்டதே இல்ல."

ஜெரினா சத்தம் போடவில்லை. அதுதான் என்னை மேலும் பயமுறுத்தியது. "அந்த விசில நம்பி ஒருத்தன் கீழ நிக்கிறான்ங்க. மகிமா அவனுக்கு சோறாக்கி வச்சிகினு வூட்ல காத்துகினு இருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மகிமா ஆன்றோவின் மனைவி. என் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து வெங்காயம் உரிப்பவள்.

திங்கட்கிழமை காலை அவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். முன்னெல்லாம் என் வண்டியில் நான் ஓட்ட, அவன் பின்னால் வருவான். ஒரு வருடமாக அவன்தான் ஓட்டுகிறான், தன் வண்டி நல்ல மைலேஜ் என்பான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரியாக, இது ஆரன் அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரன் எல்லாம் கேட்டது. கனமான சத்தம் எதுவும் என்னை விட்டுப் போகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

மார்க்கெட்டுக்குள் நுழையும்போதே நாற்றம் பிடித்துவிட்டது. காற்று வடக்கிலிருந்து அடித்தால் எங்கிருந்தோ இப்படி ஒன்று வரும், கண் எரியும், தொண்டை கரகரக்கும். அன்று ரொம்ப மோசம். லோடுமேன்கள் எல்லோரும் மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆன்றோ விசிலை வாயில் கவ்வி, அதன்மேலேயே துண்டைக் கட்டினான். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

நான் ஏணியில் ஏறிக் கேபினில் உட்கார்ந்தேன். ஆணியில் மஞ்சள் அடைப்பான் தொங்கியது. அதைப் பார்க்காமல் லீவரில் கை வைத்தேன்.

முதல் சுமை. ஆன்றோவும் மதி என்ற லோடுமேனும் இரும்புக் கயிற்றை பிளேட்டுகளில் மாட்டினார்கள். மதி விலகிக்கொண்டான். இப்போது விசில் வரும். காத்திருந்தேன். பக்கத்தில் வெட்டுகிற மெஷின் ஓடியது, டிரெய்லர் எஞ்சின் உறுமியது. விசில் வரவில்லை. ஆன்றோ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். குனிந்தான். மறுபடி பார்த்தான். மதியும் பார்த்தான். ஏன் தூக்கவில்லை என்று இருவர் கண்ணிலும் இருந்தது.

அவன் அடித்துவிட்டான். நான் தூக்காததால் மறுபடியும் அடித்திருக்கிறான்.

அப்போதுதான் புரிந்தது. துண்டுக்குப் பின்னால் இருக்கும் அவன் கன்னம். அந்தக் கன்னம் உப்புவதைப் பார்த்துத்தான் இத்தனை நாளாக நான் தூக்கிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளாக? மாதக்கணக்கிலா, வருடக்கணக்கிலா? எனக்கே தெரியாது. ஒருமுறை உப்பினால் ஒரு விசில், இருமுறை உப்பினால் இரண்டு, உப்பிய கன்னம் அப்படியே நின்றால் நிறுத்து. கண் பார்த்ததை என் மண்டை சத்தமாக மாற்றிக் கொடுத்திருக்கிறது, நானும் கேட்டதாகவே நம்பியிருக்கிறேன். இன்று கன்னம் இல்லை, விசிலும் இல்லை.

அந்த நிமிடமே நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கீழே பத்துப் பேர் நிற்கிறார்கள், இரண்டு டிரெய்லர் காத்திருக்கிறது. எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது? வெட்கம் என்னைக் கட்டிப்போட்டது. நீங்கள் என்னை எவ்வளவு திட்டினாலும் தகும். நான் குத்துமதிப்பாகத் தூக்கினேன்.

முதல் சுமை நல்லபடியாக இறங்கியது. ஆன்றோவின் தோளையும் கண்ணையும் வைத்து ஊகித்தேன். வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கக் கை வரவில்லை. இரண்டாவதும் இறங்கியது. வாயில் ஓதிக்கொண்டே இருந்தேன், என்ன ஓதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது சுமையில் ஐந்து பிளேட்டுகள். இறக்குவதற்கு முன்னால் தரையில் கட்டைகள் போட வேண்டும், அப்போதுதான் பிறகு கயிற்றை உருவ முடியும். மதி கட்டை போடக் குனிந்தான். ஆன்றோ சுமையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினான். நான் இறக்கினேன். மெதுவாக, இன்னும் மெதுவாக. பிளேட்டின் விளிம்பு மதியை மறைத்துவிட்டது. அவன் அந்தப் பக்கம் விலகியிருப்பான் என்று நினைத்தேன். ஆன்றோவைப் பார்த்தேன். துண்டு மட்டும்தான் தெரிந்தது. துண்டுக்குள் அவன் என்ன சொல்கிறான்? இறக்கு என்கிறானா, நிறுத்து என்கிறானா, அல்லது சும்மா மூச்சு விடுகிறானா?

சட்டென்று எனக்கு நேற்று மாலை நினைவு வந்தது. ஆஃபியா காதைப் பொத்திக்கொண்டு பின்னால் போனது. அவளைச் சுற்றி அவ்வளவு சத்தம், எனக்கு எதுவுமில்லை. இப்போதும் அதேபோலத்தான் எதுவுமில்லை. அந்தப் பயம் கையைத் தீயில் வைத்தாற்போல் லீவரிலிருந்து பிடுங்கிவிட்டது. இரண்டு கையையும் எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். லீவரை விட்டதும் கிரேன் தானாகக் குலுங்கி நின்றது. சுமை அந்தரத்தில் லேசாக ஆடியது.

அப்போது பார்த்தேன், ஆன்றோ சுமையை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். சுமையிலிருந்து அவன் கையை எடுத்து நான் பார்த்ததே இல்லை. கீழே ஓடி வந்த ஆட்கள் மதியை இழுத்தார்கள். கையுறை கட்டையிலிருந்த ஆணியில் மாட்டியிருக்கிறது, கையை உருவ முடியாமல் கிடந்திருக்கிறான். கையுறையை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான். பிளேட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான் மிச்சம்.

குடோன் முதலாளி ராமசுப்பு அலுவலக அறையிலிருந்து ஓடி வந்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், பதறினால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். என்ன நடந்தது என்று கேட்டார். ஆன்றோ துண்டை அவிழ்த்துவிட்டு உரக்கச் சொன்னான். "நான் விசில் அடிச்சேன் சார், பாய் டக்குனு நிறுத்திட்டாரு. மதி தப்பிச்சான்."

"பாய் காதுக்குத் தங்கத்துல பூண் கட்டிப் போடணும்ய்யா!" என்று ராமசுப்பு மேலே பார்த்துக் கும்பிட்டார். மதியும் அழுதுகொண்டே கும்பிட்டான். நான் கேபினுக்குள் கையை நெஞ்சோடு சேர்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வர எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. எல்லோரும் விலகி நின்ற பிறகு சுமையைக் கட்டைமேல் இறக்கிவிட்டுத்தான் வந்தேன். ஆன்றோ தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்றேன்.

"எத்தினி வாட்டி அடிச்சே?"

"எத்த?"

"விசில."

அவன் முகத்தைத் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. "மூணு வாட்டி. நீட்டி நீட்டி அடிச்சேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல ஆன்றோ. பயந்துகினு கைய எடுத்தேன். அவ்ளோதான்."

"தெரியும்" என்றான்.

எனக்குக் காது மறுபடி ஏமாற்றுகிறதோ என்று தோன்றியது. அவன் துண்டை இறக்கினான். "போன நோம்பு மாசத்துலேந்தே தெரியும். ஒரு தபா விசில வாயில வச்சிகினு கீறேன், தும்மல் வந்துச்சி, அடக்கினேன். கன்னம் ஒரு வாட்டி உப்பி அடங்கிச்சி, காத்து வெளியவே போவல, சத்தமே வரல. நீ தூக்கிட்டே. மதி கால அப்பதான் இந்தாண்ட எடுத்தான். அன்னிக்குப் புரிஞ்சிகினேன், நீ என் மூஞ்சியப் பாத்துகினு ஓட்டறேன்னு. அன்னிலேந்து நல்லா உப்பி உப்பித்தான் ஊதுறேன். உன்ன வண்டி ஓட்ட உடறதும் இல்ல."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீயே போயி சொல்லிடுவ. உன்ன எறக்கிடுவாங்க. ஆஃபியாக்கு இன்னும் ஒரு வருசம் கீது. அதுவரிக்கும் தள்ளிடலாம்னு நெனச்சேன். இன்னிக்கு இந்தக் கலீஜ் நாத்தத்துல துண்ட கட்டறப்ப அதெல்லாம் மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

"தெரிஞ்சும் அந்தச் சொமைக்கு அடியில நின்னியேடா! வேற யாரையாச்சும் நிக்க வச்சிட்டு நீ வேற வேல பாத்திருக்கலாம் இல்ல?"

ஆன்றோ என்னை விசித்திரமாகப் பார்த்தான். "வேற ஒருத்தன் மூஞ்சி உனக்கு இன்னா தெரியும்?" என்றான்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடம். ஒவ்வொரு நாளும் நாற்பது, ஐம்பது சுமை. ஒவ்வொன்றுக்கும் அடியில் இவன் நின்று, விசிலை ஊதிவிட்டு, நான் பார்த்தேனா என்று அண்ணாந்து பார்த்திருக்கிறான். அப்போதெல்லாம் நான் மேலிருந்து அவனுக்குக் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

"பயமா இல்லியா ஆன்றோ?"

"தெனிக்கும் பயம்தான். வூட்டுக்குப் போயி மகிமா கையால தண்ணி வாங்கிக் குடிச்சாதான் மூச்சே வரும்." சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. எழுந்து நின்று கேட்டேன். "அலுமினியப் பொட்டி சீறிச்சா?"

"சீறிச்சி. பாம்பு மாரி சீறிச்சி. நேத்து போன்லயாச்சும் சொல்லிருக்கணும். வாய் வரல."

கேபின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு ராமசுப்புவின் அறையை நோக்கி நடந்தேன். ஆன்றோ பின்னாலேயே வந்தான், "இரு கலீலு, நாளைக்கு சொல்லிக்கலாம்" என்றான். நான் நிற்கவில்லை. நாளைக்கும் ஒரு சுமை இருக்கும், அதன் அடியில் இவன் நிற்பான். அறைக்குள் போய்ச் சாவியை மேசைமேல் வைத்து, எனக்கு விசில் கேட்பதில்லை என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல்கூட எனக்குத் தூரத்தில் கேட்டது. ராமசுப்பு சாவியைக் கையில் எடுத்தார். பிறகு ஆன்றோவைப் பார்த்தார், அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த வாரம் ஆஃபியா என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கனமான சத்தங்களுக்கெல்லாம் அழுத்தினேன். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினால், கண்ணாடிக்கு அப்பால் அந்த டாக்டரம்மா இன்னும் மெஷினைத் திருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஆஃபியா வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். விசில், குக்கர், சீறல் மாதிரிக் கீச்சுச் சத்தமெல்லாம் காதில் ஒரே இடத்தில்தான் கேட்குமாம், அந்த இடம் போய்விட்டது, திரும்பி வராது என்றார். மிச்சம் இருப்பதும் மெதுவாகப் போகலாம், கருவி வைத்துக்கொள்ளலாம், சத்தமான இடத்தில் அடைப்பான் வைக்காமல் இனி நிற்கவே கூடாது என்றார். ராமசுப்பு என்னை வாசலில் வண்டி நம்பர் எழுதும் வேலையில் உட்கார வைத்திருக்கிறார். இப்போது இரண்டு காதிலும் மஞ்சள் அடைப்பான் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆன்றோ வந்தான், மகிமாவும் வந்திருந்தாள். பெட்டிகளைச் சுப்புராயனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். இந்த முறை யாரும் பொய் சொல்லக்கூடாது என்றேன். மூன்றையும் போட்டுக் காட்டினேன். ஆஃபியாவும் ஜெரினாவும் மகிமாவும் ஆன்றோவும், நாலு பேரும் கறுப்புப் பெட்டி என்றார்கள். நானும் கறுப்புப் பெட்டி என்றேன்.

"அந்த ஊம்முனு வர்றது மட்டும்தான் அதுல கொறை" என்றான் ஆன்றோ. பையிலிருந்து ஒரு துண்டு பச்சை ஒயரை எடுத்தான். எர்த் ஒயர் ஒன்று போட்டால் அந்தச் சத்தம் போய்விடும் என்று யாரிடமோ விசாரித்து வந்திருக்கிறான். பிளேயரின் பின்பக்கம் கையை விட்டுத் திருகைத் தேடினான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"உடு ஆன்றோ. அது எனக்குக் கேக்குது."

அவன் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டான். இப்போது தினமும் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை பெட்டியைப் போடுகிறேன். ரெக்கார்டு வைப்பதில்லை, பாட்டு கேட்பதில்லை. அந்த 'ம்ம்ம்' இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். அது வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.